அட்டை இல்லாதவர்கள் உள்ளே வரலாமா?



போன மாதம் நம் பள்ளியில் இரண்டு நாள் அறிவியல் புனைகதை விழா நடந்தது. சுற்றியுள்ள ஆறு பள்ளிகளில் இருந்து மாணவர்கள் வந்தார்கள். எல்லாரும் "சூப்பரா இருந்துச்சு" என்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் விழாவை உள்ளே இருந்து பார்த்தீர்கள். நான் முதல் நாள் முழுக்க கேட் பக்கம், வேப்ப மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். மேடையைப் பற்றி எழுத எனக்கு எதுவும் தெரியாது. வாசலைப் பற்றித்தான் தெரியும். அதனால் இந்தக் கட்டுரை வாசலைப் பற்றியது.

எடுத்த உடனே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். "அட்டை இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை" என்று நாம் போட்ட சட்டம் தப்பு. அந்தச் சட்டத்தை முதலில் சொன்னதே நான்தான். அதனால் வேறு யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

விழா எப்படி ஆரம்பித்தது என்று மற்ற வகுப்புக்காரர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அறிவியல் டீச்சர் ஒரு கதை சொன்னாங்க. கதை இல்லை, நடந்த விஷயம். 1939-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு தொடங்கியது. மூன்று நாள் நடந்தது. வந்தவர்கள் சுமார் 200 பேர்தான். நம்ம ஊர்க் கல்யாணத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும்! அதை நடத்தியது அரசாங்கம் இல்லை, பெரிய கம்பெனி இல்லை. கதை படிக்கிற ரசிகர்களே நடத்தினார்கள். மாநாட்டுத் தலைவர் சாம் மாஸ்கோவிட்ஸ் என்பவருக்கு 19 வயது முடிந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. "நம்ம ஊர்ல பன்னிரண்டாவது முடிச்சிட்டு காலேஜ் போற அண்ணன்மார் வயசு" என்று டீச்சர் சொன்னதும் நாங்கள் வாயைப் பிளந்தோம்.

சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டது ஓர் ஓவியரை. பெயர் ஃபிராங்க் ஆர். பால். பத்திரிகை அட்டைகளில் ராக்கெட்டும் வேற்றுக்கிரகமும் வரைந்தவர். தெருமுனையில் நின்று செய்தித்தாள் விற்ற 18 வயசுப் பையன் ஒருத்தர், நண்பரிடம் கடன் வாங்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தாராம். அவர்தான் பின்னாளில் பெரிய எழுத்தாளர் ஆன ரே பிராட்பரி. மிர்ட்டில் டக்ளஸ் என்ற அம்மா, எதிர்காலத்து மனுஷங்க எப்படி உடுத்துவாங்க என்று யோசித்து, தனக்கும் தன் நண்பருக்கும் தானே உடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க இந்த மாதிரி விழாக்களில் வேஷம் போடுகிறார்களே, அதற்கு அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

இந்த மாநாடு உலகப் போரினால் 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. மற்றபடி வருஷா வருஷம் நடக்கிறது. 2023-இல் சீனாவில் செங்டு, 2024-இல் கிளாஸ்கோ, 2025-இல் சியாட்டில். இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். இன்றைக்கும் சம்பளம் வாங்காத ரசிகர்களே நடத்துகிறார்கள். அங்கே ஓடி ஓடி வேலை செய்கிறவர்களுக்கு 'கோஃபர்' என்று பெயராம். "போய் எடுத்துட்டு வா" என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்வதில் இருந்து வந்த பட்டப்பெயர்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே பணம் கட்டி வருகிறவரை 'பார்வையாளர்' என்று சொல்வதில்லை, 'உறுப்பினர்' என்பார்கள். மேடையில் பேசுகிறவரும் உறுப்பினர், நாற்காலி தூக்குகிறவரும் உறுப்பினர். சிறந்த கதைக்கு ஹியூகோ விருது தருவதும் அந்த உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான்.

டீச்சர் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல். "நம்மளும் நடத்தலாமா டீச்சர்?" வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியர் ஐயாவிடம் போய்க் கேட்டாங்க. அவரும் சரி என்றார். இப்படித்தான் விழா வந்தது.

வேலை பிரிக்க ஒரு கூட்டம் போட்டோம். சத்துணவு அம்மா "180 தட்டுக்கு மேல என்னால முடியாது சாமி" என்று கையை விரித்துவிட்டாங்க. அப்போதுதான் நான் எழுந்து, "பேர் எழுதின அட்டை குடுப்போம் டீச்சர். அட்டை இல்லாதவங்களுக்கு அனுமதி இல்லைன்னு கேட்ல ஒட்டிடலாம். இல்லாட்டி ஊரே சாப்பிட வந்துரும்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையெழுத்து நல்லா இருக்கும் என்பதால் அந்த சார்ட்டையும் நானே எழுதினேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில், கீழே இரண்டு கோடு போட்டு.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி அட்டை செய்தோம். பஞ்சிங் மெஷினில் ஓட்டை போட்டு உல்லன் நூல் கோத்தோம். பெயர், பள்ளி, அதற்குக் கீழே 'எனக்குப் பிடித்த கோள்'. பாதிப் பேர் சனி என்று எழுதினார்கள். வளையம் இருக்கிறதாம்.

இனி முதல் நாள். காலை ஆறரைக்கே வந்துவிட்டோம். வாசலில் கோலம் போட்டது நாங்கள் பெண்கள், சனிக்கோளும் வளையமும். பன்னீர்த் தட்டு பிடித்ததும் பெண்கள். மைக், புரொஜெக்டர், மேடை எல்லாம் பையன்கள். இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது. (இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.)

மைக் செட் அண்ணன் முதல் வேலையாக அம்மன் பாட்டு போட்டுவிட்டார். "அண்ணே, இது அறிவியல் விழா" என்று ஓடிப் போய்ச் சொன்னோம். "எந்த விழாவா இருந்தா என்னம்மா, மொதப் பாட்டு அம்மனுக்குத்தான்" என்றார். ஒன்பதே முக்காலுக்குக் கரண்டு போனது. புரொஜெக்டர் பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆறாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் அட்டைப்பெட்டியில் ஜிகினாத்தாள் ஒட்டி ரோபோவாக வந்தான். சின்ன கேட்டில் மாட்டிக்கொண்டான். "தம்பி, சைடு திரும்பு" என்று இரண்டு பேர் பிடித்துத் திருப்பி உள்ளே விட்டோம். ரோபோவுக்கு அழுகை வந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் முதலில் என் மேசைக்குத்தான் வந்தார்கள். "தண்ணி எங்க அக்கா?", "பாத்ரூம் சாவி யார்கிட்ட?", "எங்க சார் வந்துட்டாரா?", "என் பென்சில் பாக்ஸைக் காணோம்." ஒரு பள்ளி லிஸ்டில் 20 பேர் என்று எழுதிவிட்டு 24 பேரைக் கூட்டி வந்தது. அந்தப் பள்ளி ஆசிரியர் கேட்டதும் நாலு அட்டை புதுசாக எழுதிக் கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், முந்தின நாள் நானும் சேர்ந்துதான் ஒட்டினேன். சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ நாய்க்குட்டியை அட்டையில் செய்து வைத்திருந்தோம். பிராங்கென்ஸ்டைன் கதையை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு 18 வயது என்று ஒரு சார்ட். எனக்கு ரொம்பப் பிடித்தது வங்காளத்து ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905-இல் நம் சென்னையில் இருந்து வந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில்தான் அது முதலில் அச்சானது. அந்தக் கதையின் நாட்டில் பெண்கள்தான் எல்லா வேலையும் பார்ப்பார்கள். சூரிய வெப்பத்தில் சமைப்பார்கள். ஆண்கள் வீட்டுக்குள்ளே இருப்பார்கள். பையன்கள் அந்த சார்ட்டைப் பார்த்துவிட்டு "இது அநியாயம்" என்று கத்தியது வேப்ப மரம் வரைக்கும் கேட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு மாலையும் உதிரிப்பூவும் கொண்டு ஒரு பெண் வந்தாள். எட்டாம் வகுப்பு வரை எங்களோடு படித்தவள். அவள் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவளே சொன்னாள். அவங்க அம்மாவுக்கு முடியாமல் போனதில் இருந்து அவள்தான் பூக் கட்டுகிறாள். ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை. ஏழாம் வகுப்பில் நானும் அவளும் நூலகப் பீரியடில் ஒரே புத்தகத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு படிப்போம். அவள் என்னைவிட வேகமாகப் படிப்பாள். நான் பக்கம் முடிக்கும் வரை விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவளே கதையும் சொல்வாள். ஓர் ஆட்டுக்குட்டி நிலாவுக்குப் போகும். அங்கே புல் இல்லை என்று தெரிந்ததும் "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று திரும்பி வந்துவிடும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

கூடையோடு உள்ளே போனாள். அட்டை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாலையை வைத்துவிட்டு வரும்போது, "ஏய், உள்ள ஜீனோ வச்சிருக்கீங்களா! கதை சொல்ற போட்டி எல்லாம் இருக்காமே. மத்தியானம் வரட்டாடி?" என்றாள். நான் லிஸ்ட் எழுதிக்கொண்டே "ம்" என்றேன்.

பதினொன்றரை இருக்கும். சிறப்பு விருந்தினர் வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து நிற்கிறது. எல்லாரும் கேட்டுக்கு ஓடி வருகிறார்கள். அந்த நேரத்தில் அவள் வந்தாள். தலை குளித்து, பொங்கலுக்கு எடுத்த சுடிதார் போட்டிருந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு நோட்டுத் தாள். வேறு பள்ளி சார் ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் எழுதிய சார்ட் எனக்குப் பின்னாடியே தொங்கியது.

"அட்டை இல்லாம விட முடியாதுடி. சட்டம்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சார்ட்டைப் பார்த்தாள். "உன் கையெழுத்துதானே" என்றாள். லேசாகச் சிரித்தாள். போய்விட்டாள். விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்க ஆள் கூப்பிட்டார்கள். நான் அந்தப் பக்கம் ஓடிவிட்டேன்.

சாயந்திரம் கணக்குப் பார்த்தோம். 180 தட்டில் 23 மீதி. கேட் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாங்க சத்துணவு அம்மா. என் மேசையில் பெயர் எழுதாத அட்டை 14 மீதி இருந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காலையில் நாலு பேருக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தானே? அவளுக்கு ஒன்று எழுத எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அந்த நாலு பேருக்காகக் கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். அவளுக்காகக் கேட்க யாரும் இல்லை. அதுதான் வித்தியாசம்.

ஒரு வாரம் கழித்து டீச்சரிடம் சொன்னேன். திட்டுவாங்க என்று நினைத்தேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "1939 கதையில பாதியத்தான் உங்களுக்குச் சொன்னேன்" என்றாங்க.

மீதிப் பாதி இதுதான். அந்த முதல் நாள், அந்த வாசலில், ஆறு ரசிகர்களை உள்ளே விடவில்லை. அவர்கள் வேறு ஒரு ரசிகர் குழுவைச் சேர்ந்தவர்கள். இரண்டு குழுவுக்கும் ஆகாது. உள்ளே வந்தால் கலாட்டா பண்ணுவார்கள் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். அதே குழுவில் இருந்த ஐசக் அசிமோவ் உள்ளே போய்விட்டார். வெளியே நின்ற ஆறு பேரில் ஒருவர் ஃபிரெடரிக் போல். அவருக்கும் அப்போது 19 வயதுதான். பின்னாளில் அவர் பெரிய எழுத்தாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் ஆனார். 1978-இல் அதே மாநாட்டு உறுப்பினர்கள் அவருடைய ஒரு நாவலுக்கு ஹியூகோ விருது கொடுத்தார்கள். அந்த நாவலின் பெயர் 'கேட்வே'. தமிழில் சொன்னால் நுழைவாயில்!

வாசலில் நிறுத்தினவரும் கெட்டவர் இல்லை. 19 வயதில் ஒரு மாநாட்டையே நடத்தியவர். அவருக்கும் கதை என்றால் உயிர். நல்லபடியாக நடக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் கதவை மூடினார். நானும் அப்படித்தான். ஆனால் அங்கேயாவது ஒரு சண்டை இருந்தது. என் தோழிக்கும் நமக்கும் என்ன சண்டை? ஒன்றும் இல்லை. அதனால் நமக்குச் சொல்லச் சாக்குகூட இல்லை.

சிலர் கேட்பார்கள், "எல்லாரையும் விட்டால் ஒழுங்கு என்ன ஆகும்?" என்று. சரியான கேள்விதான். லிஸ்ட் வேண்டாம், அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லிஸ்ட் இல்லாவிட்டால் அந்த நாள் என்ன பாடு பட்டிருக்கும் என்று மேசையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும். அட்டை எதற்கு? வந்தவர் பெயரைத் தெரிந்துகொள்ள. வந்தவரைத் திருப்பி அனுப்ப இல்லை. "படிப்பை விட்டவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றும் ஒருத்தர் என்னிடமே கேட்டார். கதை கேட்க ஒன்பதாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டுமா? பிராட்பரி பேப்பர் விற்றுக்கொண்டிருந்த பையன்தானே! பேப்பர் விற்கிறவர் வரலாம் என்றால் பூ விற்கிறவள் வரக் கூடாதா?

உலக மாநாட்டு வாசலும் முழுசாகத் திறந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அங்கே உறுப்பினர் ஆகக் கட்டணம் உண்டு. விமானச் செலவு வேறு. 2025 வரை அது ஒரு தடவைகூட இந்தியாவில் நடந்ததில்லை. நம்மைப் போன்றவர்கள் அங்கே வாசலுக்குப் போவதே கஷ்டம். அப்படி வெளியே நிற்கிற நாமே நம் ஊரில் இன்னொருத்தரை வெளியே நிறுத்தலாமா?

அதனால் அடுத்த வருஷ விழாவுக்கு என் யோசனைகள்:

ஒன்று. பெயர் எழுதாத அட்டை 20 எப்போதும் கேட் மேசையில் இருக்க வேண்டும். யார் வந்தாலும் பெயரும் பிடித்த கோளும் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 20 தட்டு கூடுதல் ஆகும். அதற்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொண்டு வரலாம்.

இரண்டு. வேலைக்காக உள்ளே வருகிறவர்களுக்குத்தான் முதல் அட்டை. பூக் கொண்டு வருகிறவர், மைக் செட் அண்ணன், சத்துணவு அம்மா. வேலைக்கு மட்டும் உள்ளே, விழாவுக்கு வெளியே என்றால் அது என்ன நியாயம்?

மூன்று. வாசல் வேலையை ஒருத்தரே நாள் முழுக்கப் பார்க்கக் கூடாது. மணிக்கு ஒருத்தர் மாற வேண்டும். பையன்களும் பன்னீர்த் தட்டு பிடிக்கட்டும், நாங்களும் புரொஜெக்டர் பிடிக்கிறோம். சுல்தானாவின் கனவை சார்ட்டில் ஒட்டினால் மட்டும் போதாது.

நான்காவது யோசனை விழாவைப் பற்றியது இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் நம் ஊரில் யார் யார் என்று நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கு நாம் போகலாம். கூட ஓர் ஆசிரியரும் வந்தால் அவர்கள் வீட்டில் கேட்பார்கள். வருகிற ஜூனில் என் தோழியைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று தலைமை ஆசிரியர் ஐயாவை இந்தத் தாள் மூலமாகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மீதி இருந்த அட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிருடி" என்றேன். "ஐயோ, விடுடி, அன்னைக்கு உனக்கு ஆயிரம் வேலை" என்றாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாய், கொடு, சுவர்ப் பத்திரிகையில் போடலாம் என்று கேட்டேன். "அதுவா, அன்னைக்கு சாயந்திரமே பூ மடிச்சுக் குடுத்துட்டேன்" என்றாள்.

யார் வீட்டுக்குப் போனதோ தெரியாது. நம் ஊரில் அன்றைக்குப் பூ வாங்கினவர்கள் யாராவது அந்தத் தாளை வைத்திருந்தால் தயவுசெய்து ஒன்பதாம் வகுப்பில் கொண்டு வந்து கொடுக்கவும். கேட்டில் யாரும் அட்டை கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
முதல் நாள் வாசலில் இருந்தவள்,
ஒன்பதாம் வகுப்பு.